கைதட்டு வாங்கிய பொய்

அன்பான விசுவாசிகளே, இதுவரை என் சாட்சிகளைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறீர்கள். இதற்குத் தட்ட வேண்டாம்.

எண்பதுகளில் மலேசியாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் சர்ச் மண்டபத்தில் வாலிபர் சங்கம் கூடும். கேரம், பூப்பந்து, பிறகு பாட்டு, கடைசியில், ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரம். சாட்சி சொல்பவருக்கு எல்லாரும் கைதட்டுவார்கள். எனக்குச் சொல்ல எதுவுமே இருந்ததில்லை. அந்தக் கைதட்டுக்கு ஏங்கி, பதினைந்து வயதில் ஒரு நாள் எழுந்து நின்றேன். ஆண்டவர் என் ஆஸ்துமாவைக் குணமாக்கிவிட்டார், மாத்திரையை எல்லாம் வாய்க்காலில் வீசிவிட்டேன் என்றேன். மாத்திரை என் பையில்தான் இருந்தது. எல்லாரும் தட்டினார்கள். வெட்கமே இல்லாமல் பூரித்துப்போனேன்.

எஸ்தர் அன்று முன்வரிசையில் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். வலிப்புக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவள். மறுவாரம் என் காதில் சொன்னாள்.

"அக்கா, நானும் ஒங்கள மாதிரியே தூக்கிப் போட்டுட்டேன். அம்மாவுக்குத் தெரியாது லா."

அவள் செய்தது ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் பொய் வெளியே வந்துவிடுமே.

அதற்கடுத்த சனிக்கிழமை பூப்பந்து ஆடும்போதே சிமெண்டுத் தரையில் விழுந்தாள். தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சங்கத்தை நடத்திய ஸ்டீபன் அண்ணன் திரும்பி வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"வலிப்பு நிக்கவே மாட்டேங்குது. மாத்திர சாப்புட்டும் ஏன் இப்படின்னு டாக்டருக்கே புரியல. ஜெபம் பண்ணுங்க."

எல்லாரும் முழங்காலிட்டார்கள். நானும் முழங்காலிட்டேன். அவளைக் காப்பாற்றும் என்று கேட்கக்கூட எனக்குக் கூசியது. "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் கேட்டு அழுதேன். எழுந்து ஸ்டீபன் அண்ணனிடம் போனேன். வாய் திறந்தது.

"அண்ணே, அவ மாத்திரயே சாப்புடல. நான் சொன்ன பொய்ய நம்பி நிறுத்திட்டா."

அவர் திட்டவில்லை. "ஏறும்மா" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் எஸ்தரின் அம்மாவிடமும் நானே சொன்னேன். அந்த அம்மா பார்த்த பார்வை இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. காரணம் தெரிந்ததும் டாக்டர் அதற்கேற்ற மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் எஸ்தர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் தட்டவில்லை. எஸ்தர் திரும்பி வந்த நாளில் அவள் பக்கத்தில் உட்காரக் கூசி, கடைசி நாற்காலிக்குப் போனேன். அவளே தேடி வந்தாள்.

"ஒங்க மாத்திரய எடுங்கக்கா."

எடுத்தேன். அவளும் தன்னுடையதை எடுத்தாள். ஒரே கிளாஸ் தண்ணீரில் இருவரும் விழுங்கினோம். அதன்பிறகுதான் ஆரம்ப ஜெபத்துக்கு எழுந்தோம்.

சகோதர சகோதரிகளே, ஆண்டவரிடம் நம்பிக் கேளுங்கள். என் வாயையே திறந்தவர் உங்களையும் கைவிட மாட்டார். ஆனால் அவர் செய்யாததைச் செய்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் முன்வரிசையிலும் ஒரு எஸ்தர் உட்கார்ந்திருப்பாள்.