பெரிய எம், சின்ன எம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைத்தலம் ஒன்றில் நான் படப்பிரதி எடுப்பவனாக இருந்தேன். மூலப்படத்தின் மேல் ஊடே தெரியும் மெல்லிய துணியை விரித்து, தெரிகிற கோடுகளை மையால் இழுக்கிற வேலை. அதுவும் தற்காலிகம். நிரந்தரமானால்தான் கலியாணம் என்று பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள். நியாயந்தான். நானும் என்னை நம்பிப் பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

எங்கள் பகுதித் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். படத்தில் எந்த எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்தாகவே நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். சின்ன எழுத்து காதல் கடிதத்துக்கு என்பார். சுருக்கிய சொல்லுக்குப் பின்னால் புள்ளி இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடி, அங்குலம் இருந்தவரை இதனால் யாருக்கும் கேடில்லை.

அப்போது புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றுக்கு ஜெர்மன் எஞ்சின் வந்தது. அதன் அத்திவாரப் படத்தில் எல்லா அளவும் மீற்றரும் மில்லிமீற்றரும். மீற்றருக்கு ஒரு சின்ன எம், மில்லிமீற்றருக்கு இரண்டு, புள்ளி கிடையாது. பெரிய எம் திருகாணிகளின் பக்கத்தில் மட்டும் நின்றது; அது புரியின் வகையைச் சொல்வது. தலைவர் எல்லாவற்றையும் பெரிதாக்கச் சொன்னார். போதாததற்குப் பன்மைக்கு ஒரு எஸ், அதற்குப் பின் ஒரு புள்ளி. மூலத்தில் அப்படி இல்லை, திருகாணியோடு குழம்பும் என்றேன்.

"அவங்கட ஊரில எப்பிடியும் எழுதட்டும். இது எங்கட கந்தோர்" என்றார். எழுதினேன்.

பிரதி ஒன்று ஒப்புதலுக்காக, எஞ்சினை விற்ற கொழும்புக் கம்பனிக்குப் போய், அம்மை போட்டதுபோல் சிவப்பு மையோடு திரும்பியது. எது அளவு, எது திருகாணி என்று விளங்கவில்லை, இதை நம்பிக் கொங்கிறீற் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எஞ்சின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வேலைத்தலத்தின் மேலாளரான துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். படத்தின் மூலையில் இருந்ததோ என் கையெழுத்து. கலியாணம் போச்சு என்றே நினைத்தேன்.

தலைவர் முந்திக்கொண்டார். இவன் வேண்டாம் என்றுதான் சொன்னான், போடச் சொன்னது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதுவரை இல்லாத மரியாதை அவர் மேல் எனக்கு வந்தது. பிழை என்று தெரிந்தும் ஏன் எழுதினாய் என்று துரை என்னைக் கேட்டார். மேலே உள்ளவர் சொன்னார், எழுதினேன் என்றேன். துரைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சொன்னதைச் செய்கிறவன் என்று பாராட்டி, அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கினார். தலைவருக்குக் கிடைத்தது நல்ல ஏச்சு.

சந்தோஷம் தாங்காமல் ஒரு தட்டு இனிப்புத் தொதல் வாங்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். அவர் ஒரு துண்டை எடுத்தார். கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இனிமேலும் நான் பிழையாச் சொன்னால் அப்பிடியே போடுவீரோ?"

"போடுவேங்க ஐயா."

மரியாதையான பதில் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டைத் தட்டிலே திரும்ப வைத்தார்.

"அப்ப என்னைத் தடுக்க இஞ்ச ஒருத்தரும் இல்லை."