பலகாரம் சுட்ட எண்ணெய்

யோகநாதனின் கார் வருவதை பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருப்பவர்கள் பார்ப்பதற்கு முன்னமே கேட்டுவிடுவார்கள். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். தகரப் பேணிக்குள் நாலு கல்லைப் போட்டு யாரோ அவசரமில்லாமல் குலுக்குவது போல ஒரு சத்தம். உள்ளே இரண்டு பேர் இருக்கலாம். வெளி உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடாது, ஓடவும் கூடாது. பெருஞ்சாலையில் ஏற அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக, ஓட்டுகிறவருக்கு உரிமம் தேவையில்லை. பெர்மி இல்லாமல் ஓடும் கார் என்பதால் லா சப்பல் தமிழில் அதற்கு 'சான் பெர்மி' என்று பெயர்.

குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டு, பெர்மியைப் பறிகொடுத்தவர்கள்தான் இந்தக் காரை வாங்குவார்கள் என்று நாட்டில் ஒரு பேச்சு உண்டு. யோகநாதன் குடிப்பதில்லை. வன்னியில் லொறி ஓட்டியவர். அந்த உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள ஒரு தவணை இருந்தது. அப்படி ஒரு தவணை இருப்பதே அது முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு பரீட்சை எழுதிப் பார்த்தார். வட்டச்சந்தியில் யாருக்கு முதலிடம் என்ற கேள்வியைப் பிரெஞ்சில் வாசித்து முடிக்குமுன் திரையில் அடுத்த படம் வந்துவிடும். சில முறை போனார். பிறகு போகவில்லை. ஏற்கெனவே மூன்று கை மாறிய இந்தக் காரை வாங்கினார்.

அவர் சமையலறையில் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் ஐங்கரன் பரிமாறுகிறவன். வாய் சும்மா இராது.

"என்ன யோகண்ணை, உதுக்குள்ள எத்தினை அரிசி மூட்டை ஏத்தலாம்? இல்லாட்டி மூட்டைக்குள்ள உதை ஏத்துறதோ?"

"ரண்டு மூட்டை ஏத்தலாம். ஒண்டை இறக்கினா நீயும் ஏறலாம்."

சிரிக்காமல்தான் சொல்வார். ஐங்கரன்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சிரிப்பான்.

பிரான்சுக்கு வந்த புதிதில் யோகநாதன் ஒரு மீன் களஞ்சியத்தின் குளிரறையில் கணவாய் உரித்தார். அந்த வருடங்களில் விரல் நுனிகள் விறைத்துப்போயின. குளிரறையை விட்டு வந்த பிறகும் விறைப்பு விடவில்லை. தேநீர்க் கோப்பை சுடுகிறதா என்று அவருக்கு விரலால் தெரியாது. எஞ்சின் சூட்டைப் பார்க்க மணிக்கட்டைத் திருப்பி அதன் மேல் வைப்பார். அங்கே மட்டும் கொஞ்சம் உணர்ச்சி மிச்சம் இருந்தது.

"உங்களுக்கு விரல்ல மட்டுமே விறைப்பு?" என்று மனைவி வசந்தரூபி கேட்பாள். தொலைபேசியில் சாவுச் செய்தி வந்தாலும், பிறந்த செய்தி வந்தாலும் "ஓம், சரி" என்றுதான் வைப்பார். துக்கத்தை அடக்குகிறார் என்று வெளியாட்கள் நினைத்தார்கள். ரூபிக்கு அப்படித் தோன்றவில்லை. அடக்குவதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே என்று நினைத்தாள்.

காரோடு இருக்கும்போதுதான் அவருக்கு வாய் கொஞ்சம் திறந்தது, அதுவும் எழுத்தில். இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. பெரும்பாலும் நாட்டுப்புறத்துப் பிரெஞ்சுக் கிழவர்கள். எழுத்துப்பிழை நிறைந்த பிரெஞ்சில் யோகநாதன் அங்கே கேள்வி கேட்டார், படம் போட்டார், பதிலும் சொன்னார். யாரும் அவரைத் திருத்தவில்லை. மலைப்பக்கத்து மனிதர் ஒருவர் பழைய ஹீற்றர் குழாய் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். இவர் ஒரு பொதி வறுத்த மிளகாய்த்தூள் அனுப்பிவைத்தார். சூப்பில் போட்டுக் குடித்தேன், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று அந்த மனிதர் குழுவில் எழுதினார்.

பொரித்த எண்ணெயை வடித்து டீசலோடு கலக்கலாம் என்பதையும் அங்கேதான் படித்தார். கோடையில் கடையின் சூரியகாந்தி எண்ணெயைத் துணியால் வடித்து, ஐந்தில் ஒரு பங்கு ஊற்றுவார். தெருவில் புகையோடு கடையில் பொரிக்கும் றோல்ஸ் மணக்கும்.

"அண்ணை, நீங்கள் போனாப் பிறகு எங்களுக்குப் பசிக்குது" என்பான் ஐங்கரன்.

குளிர்காலத்தில் தனி டீசல்தான். அது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

மகள் அக்‌ஷராவுக்குக் கலியாணம் பேசி முற்றானது மாசி மாதத்தில். மாப்பிள்ளை யானிக், பாண்டிச்சேரிக் குடும்பம். யானிக்கின் அப்பா சுப்ராயன் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பியர்ஃபித்தில் வீடு. கோயிலும் மண்டபமும் கோடையில். முதலில் பியர்ஃபித் மெரியில், நகரசபை மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை பதிவு.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யோகநாதன் சொன்னார்: "அண்டைக்கு மெரிக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவர் எதையாவது கேட்டு அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. ரூபி கரண்டியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"நோன், அப்பா. சான் பெர்மியிலயா? அவையின்ர ஆக்கள் முழுக்க வாசல்ல நிப்பினம். யானிக்கின்ர ஃபிரண்ட் பெரிய கார் கொண்டு வாறான்."

"ஓம், சரி" என்றார்.

அடுத்த கிழமை அவர் காரின் பெல்ட் பட்டியை மாற்றினார். பக்கத்து இருக்கைக் கதவில் மழைத்தண்ணீர் ஒழுகும் இடத்துக்குப் புது ரப்பர் ஒட்டினார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளைக் கழற்றிப் புதியவை போட்டார். பழையவை தேய்ந்ததில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குப் பல்லுக் கிடுகிடுக்கும். ஓட்டுபவருக்கு அவ்வளவு தெரியாது. யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.

பலகாரம் சுடும் நாள் வந்தது. ரூபியும் இரண்டு தங்கைமாரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டார்கள். யோகநாதன் வேலையால் வந்தபோது எல்லாம் தட்டுகளில் அடுக்கியாயிற்று. அடுப்பில் ஒரு சட்டி எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

"உதைச் சிங்குக்குள்ள ஊத்தாதேங்கோ" என்றாள் ரூபி. "போனமுறை அடைச்சு, கீழ்வீட்டு மனுசி சண்டைக்கு வந்தவ."

வடித்துப் பார்த்தார். பொன் நிறம், நல்ல தெளிவு. எறிய மனம் வரவில்லை. அந்தக் கிழமை குளிரும் விட்டிருந்தது. கீழே கொண்டுபோய்க் காரின் டீசல் தாங்கியில் ஊற்றினார்.

பணியாரத்துக்குத் தேங்காயெண்ணெய்தான் வாசம் என்று சொல்லி ரூபி அந்த முறை சூரியகாந்தியை வாங்கவில்லை. யோகநாதனுக்கு அது தெரியாது. மணம் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் தேங்காயெண்ணெய் மணக்காத நாளே கிடையாது. தலைக்கும் அதுதான், விளக்குக்கும் அதுதான். இருபது வருடமாக இருக்கும் மணம் ஒரு மணமாகவே படுவதில்லை.

சனிக்கிழமை காலை குளிர் திரும்பி வந்திருந்தது. நிறுத்தியிருந்த கார்களின் கூரைகளில் வெள்ளை படிந்திருந்தது. பெரிய கார் வந்து வாசலில் நின்றது. ரூபி ஏறினாள், தங்கைமார் ஏறினார்கள், மடிகளில் பலகாரத் தட்டுகள் ஏறின, முன்னிருக்கையில் சீர்த்தட்டு ஏறியது. கடைசியாகப் பச்சைச் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு அக்‌ஷரா இறங்கி வந்தாள். அவளுக்கு இடம் இருக்கவில்லை.

"பலகாரத்தை அப்பாவோட அனுப்புங்கோவன்!"

"விசரோ உனக்கு? அந்தக் காருக்குள்ள டீசல் மணக்கும். பணியாரத்தில பிடிச்சிடும்" என்றாள் ரூபி கண்ணாடியை இறக்கி. "நீ அப்பாவோட வா. பின்னாலயே வாங்கோ."

பெரிய கார் போய்விட்டது.

யோகநாதன் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். அக்‌ஷரா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சேலையைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள். ஹீற்றரை அவர் முன்னமே போட்டு வைத்திருந்தார். போர்த் து லா சப்பலைத் தாண்டினார்கள். வெளியே பணியாரம் மணத்துக்கொண்டு புகை போனது.

"முந்தி மாதிரி ஆடேல்லை" என்றாள் அக்‌ஷரா.

"ரப்பர் மாத்தினனான்."

"எப்ப?"

"இந்தக் கிழமை."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சென்-தெனியில் சந்தைக்குக் கிட்ட வரும்போது எஞ்சின் இருமத் தொடங்கியது. மிதித்தார். வேகம் ஏறவில்லை, இறங்கியது. ஒரு முறை குலுக்கிவிட்டு நின்றது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் இறங்கித் தள்ளினார். மற்றப் பக்கத்தால் அக்‌ஷராவும் இறங்கி, ஒரு கையில் சேலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தள்ளினாள். பஸ் சாரதி ஹோர்னை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் பாரமில்லை. நடைபாதை ஓரம் ஏறிக்கொண்டது.

முன்மூடியைத் திறந்தார். டீசலை வடிக்கும் சின்னக் கண்ணாடிப் பிளாஸ்டிக் வடிகட்டி உள்ளே முழு வெள்ளையாக இருந்தது. மெழுகுதிரியை உடைத்து அடைத்துவிட்டது போல.

"உது தேங்காயெண்ணெய் எல்லோ" என்றாள் அக்‌ஷரா. "ஞாயிற்றுக்கிழமையில தலைக்கு வைக்க முதல் அம்மா போத்தலை ஹீற்றருக்கு மேல வைக்கிறவ. அந்த வெள்ளை."

"நேற்று நான் ஊத்தினது சூரியகாந்தி."

"நேற்று அம்மா சுட்டது தேங்காயெண்ணெயில. அப்பா, பலகார எண்ணெயையே ஊத்தினனீங்கள்?"

அவர் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை என்பதால்தான் நின்றது. அவளுடைய போன் அடித்தது. ரூபியின் குரல் வெளியே கேட்டது: "எங்கை நிக்கிறியள்? உங்களுக்குப் பிறகு இன்னொரு சோடி நிக்குது. பிந்தினா அவையை உள்ள விட்டிடுவினமாம்!"

யோகநாதன் வடிகட்டியைக் கழற்றி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"நீ திராம்ல போ பிள்ளை. அஞ்சாம் நம்பர் பியர்ஃபித்துக்குப் போகும். நான் இதை உருக்கிப் போட்டுக்கொண்டு பின்னால வாறன்."

கையை விரித்துப் பார்த்தார். வெள்ளை அப்படியே இருந்தது. அக்‌ஷரா அவர் கையைத் தொட்டாள். கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"உங்கட கையில உது உருகிறதுக்கிடையில எனக்குப் பிள்ளையே பிறந்திடும். வாங்கோ."

"இதை விட்டிட்டோ?"

"இதை விட்டிட்டு."

ஓடாமல் நின்ற காரைத் தெருவில் விட்டு அவர் ஒரு நாளும் போனதில்லை. மூடியைச் சாத்தினார். ஒருமுறை தடவினார். கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். பிறகு மகளுக்குப் பின்னால் போனார். வடிகட்டியைக் கையிலேயே கொண்டு போகிறார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

திராம் வண்டி சந்தைச் சாமான்களால் நிறைந்திருந்தது. செலரித் தண்டு நீட்டிக்கொண்டிருந்த ஒரு பைக்கு மேலால் ஒரு ஆபிரிக்க அம்மா அக்‌ஷராவின் சேலையையும் பூவையும் பார்த்து வாழ்த்துச் சொன்னாள். யோகநாதனையும் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"அதைத் தாங்கோ" என்றாள் அக்‌ஷரா.

வடிகட்டியை வாங்கி, மருதாணி போட்ட இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். நிற்க இடமில்லாமல் அவர் தோளில் சாய்ந்து நின்றாள். தரிப்புகள் போயின. ஒரு தரிப்பில் கையைத் திறந்து காட்டினாள். வெள்ளையின் ஓரம் கண்ணாடியாகியிருந்தது. நடுவில் ஒரு துண்டு மட்டும் பனிக்கட்டி போல மிதந்தது.

"பாருங்கோ."

விரலால் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு, எஞ்சினில் வைப்பது போல, மணிக்கட்டைத் திருப்பி அவள் கையின் மேல் வைத்தார். சூடாக இருந்தது. அடுத்த தரிப்பு வரும்வரை எடுக்கவில்லை.

மெரி வாசலில் சுப்ராயன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சம்பந்தி, வாங்க! நல்லவேளை. என்னங்க, நடந்தா வந்தீங்க? வண்டி எங்க?"

"பின்னால வருது" என்றார் யோகநாதன்.

சுப்ராயன் எட்டிப் பின்னால் பார்த்தார். அக்‌ஷரா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நேரத்துக்கு எல்லாம் நடந்தது. மோதிரம் போடும்போது யானிக் அவள் கையை முகர்ந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். தேங்காயெண்ணெயும் டீசலும் கலந்து மணத்தது. யோகநாதன் முதல் வரிசையில் இருந்தார். அழுத ரூபி பக்கவாட்டில் அவரைப் பார்த்தாள். அவர் மடியில் கை வைத்து, வலது மணிக்கட்டை இடது கையால் மூடிப் பிடித்தபடி இருந்தார்.

படம் எடுத்து முடிந்ததும் அவர் மகளிடம் போய்க் கையை நீட்டினார். அவள் கைப்பையைத் திறந்து வடிகட்டியை எடுத்துக் கொடுத்தாள். துண்டுக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தாள்.

"சாப்பாட்டுக்கு வந்திடுங்கோ."

"ஓம்."

திராமில் திரும்பிப் போனார். கார் இருந்தது. ஒருவரும் தொடவில்லை. பக்கத்துக் கபேயில் ஒரு குடுவை சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, குழாய்களின் மேல் பொறுமையாக ஊற்றினார். வெயிலும் கொஞ்சம் வந்திருந்தது. வடிகட்டியைக் கடைசியாகப் போட்டார். பல முறை சுழற்றிய பிறகு எஞ்சின் பிடித்தது. அது சூடாகும்வரை வெளியே நின்றார். சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் லா சப்பல், வீடு. வலப்பக்கம் பியர்ஃபித்.

சுப்ராயன் வீட்டில் பந்தி தொடங்கியிருந்தது. யன்னல் திறந்திருந்தது. தெருமுனையில் ஒரு சத்தம், தகரப் பேணிக்குள் கல்லைக் குலுக்குவது போல. சுப்ராயன் கையில் பணியாரத்தோடு தலையைத் திருப்பினார்.

"என்னம்மா அது?"

"பின்னால வருதெண்டு சொன்னவர் எல்லோ மாமா" என்றாள் அக்‌ஷரா, இலையை விட்டு எழும்பி. "அந்தக் கார்."