மாங்குளம் சந்தியில் மீனில்லாத சோறு

சமையல் நன்றிகெட்ட தொழில். தச்சன் செய்த கதிரையிலை அவன்ரை பேரப்பிள்ளையும் இருக்கும். நாங்கள் விடிய எழும்பி அரைச்சு, துருவி, தாளிச்சு இறக்கினது மத்தியானக் கோச்சி ஸ்டேசனை விட்டுப் போக முதல் ஏப்பமாப் போயிடும். குசினியிலை நிண்டு மாரடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்களுக்கு வட்டக்கச்சியிலை குடியேற்றக் காணி. மனுசன் காய்ச்சலிலை போனாப்பிறகு வயலை அவரின்ரை தம்பி செய்தார். யாழ்ப்பாணத்திலை இருந்து என்ரை அண்ணை வந்து, தனிய இருந்து என்ன செய்யப்போறாய், வீட்டை வா எண்டு நிண்டார். அண்ணை தங்கமான மனுசன். ஆனால் அண்ணியின்ரை குசினியிலை உப்புப் போத்திலைத் தொடுறதெண்டாலும் அவாவைக் கேக்கவேணும். காலம் முழுக்க அங்கை குந்தியிருந்து தேங்காய் துருவிக் குடுக்க எனக்கு மனமில்லை. எனக்கெண்டு ஒரு அடுப்பு வேணும், அவ்வளவுதான். தைப்பொங்கல் வரைக்கும் பொறுங்கோ எண்டு அண்ணையை அனுப்பிவைச்சன்.

மாங்குளம் சந்தியிலை கந்தையா முதலாளியின்ரை சாப்பாட்டுக் கடை. அங்கை அருளம்பலத்தார் மீன்கறி வைப்பார், நல்ல கை. ஆனால் வெள்ளிக்கிழமையிலை சைவக்காரர் அந்தக் கடைப்பக்கம் வரமாட்டினம். சாம்பல் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் மீன் காய்ச்சின சட்டி மச்சச் சட்டிதானே. நான் புதுச் சட்டி, புது அகப்பையோடை போய் நிண்டன். வெள்ளிக்கு மட்டுமில்லை, நெடுகவும் மரக்கறிச் சோறு போடுறன் எண்டன், அண்ணை கூப்பிடுற கதையையும் சொன்னன். முதலாளி தாடியைச் சொறிஞ்சுபோட்டு, பொங்கல் வரைக்கும் பாப்பம், சனம் சாப்பிடாட்டில் நீர் அண்ணையோடை போறதுதான் எண்டார். பின்னாலை ஒரு கொட்டிலும் ஒரு அடுப்பும் தந்தார்.

முதல் இலை

பூசணிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பயிற்றங்காய்ப் பிரட்டல், தேங்காய்ப்பாலிலை தேசிப்புளி விட்ட சொதி. எல்லாம் அண்டைக்கு விடியப் பிடுங்கி வட்டக்கச்சியிலை இருந்து முதல் பஸ்ஸிலை வந்த காய். வாழையிலையிலை மஞ்சளும் பச்சையுமா வைச்சுப் பாக்க எனக்கே வாயூறிச்சு.

முதல் ஆளா வந்தவர் ஒரு லொறிக்காரர், நல்ல தாட்டியான உடம்பு. அருளம்பலத்தாரின்ரை மீன் இறக்கப் பிந்திப்போச்சு, அதாலை முதலாளி என்ரை சோத்தை வைச்சார். மனுசன் இலையைப் பாத்தார். முதலாளியைப் பாத்தார். இலையின்ரை நுனியைக் கிளப்பிக் கீழையும் ஒருக்காப் பாத்தார். பிறகு குசினியிலை நிண்ட எனக்கும் கேக்கிறமாதிரிக் கேட்டார்:

“முதலாளி, இஞ்சை ஆருக்குச் சுகமில்லை?”

மீன்காரர்

அந்தக் கிழமை முழுக்கச் சட்டியிலை பாதி மிஞ்சினது. மிஞ்சினதைக் கொட்டுறதுக்குப் பின்வளவுக்குக் கொண்டுபோகேக்கை எனக்கு அண்ணியின்ரை தேங்காய் துருவுற பலகைதான் கண்ணுக்கு முன்னாலை நிண்டது. சாப்பிட்ட ஆக்களும் மீனுக்குப் பக்கத்திலை தொட்டுக்கொள்ளத்தான் என்ரை கறியைக் கேட்டவை.

முல்லைத்தீவிலை இருந்து கடைக்கு மீன் கொண்டுவாறவர் மீரான் நானா. மீனை இறக்கிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிப்பார், போயிடுவார். எங்கடை கடையிலை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. நான் அண்டைக்கு முழுக் கத்தரிக்காயைத் தணலிலை சுட்டுத் தோலுரிச்சு, பச்சைமிளகாயும் வெங்காயமும் வெட்டிப் போட்டு, கட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைஞ்சுகொண்டு நிண்டன். அந்த மணத்துக்கு நானா குசினி வாசலுக்கே வந்திட்டார். இலையைப் போட்டு இருத்தினன். குனிஞ்ச தலை நிமிரேல்லை. கடைசியிலை விளாம்பழத்தை உடைச்சு, பனங்கட்டி தூவி, ஓட்டோடை குடுத்தன். அதையும் வழிச்சுத் திண்டுபோட்டுத்தான் வாய் திறந்தார்:

“தங்கச்சி, வீட்டையும் மீன், வண்டியிலையும் மீன், உடுப்பிலையும் மீன். உங்கடை சோத்திலைதான் நான் கொஞ்ச நேரம் அதை மறந்திருந்தன்.”

அகப்பை

மீன்காரரே மரக்கறிச் சோறு சாப்பிடுறார் எண்ட கதை முல்லைத்தீவு ரோட்டு நீளத்துக்குப் பரவிப்போச்சு. நானாதான் பரப்பினவர், வேறை ஆர். லொறிக்காரர் ஒண்டு ரெண்டு பேர் வரத் தொடங்கினவை. வெள்ளியிலை சைவக்காரரும் வந்தினம். அருளம்பலத்தாருக்கு இது பிடிக்கேல்லை. கதைக்கமாட்டார், செருமுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாங்காய்ச் சொதி வைச்சிட்டுக் கிணத்தடிக்குப் போட்டு வாறன், சொதிச் சட்டிக்குள்ளை அருளம்பலத்தாரின்ரை அகப்பை நிக்குது. முதல் நாள் சூடைமீன் கிண்டின அகப்பை. ஆரும் காணேல்லைத்தான். பேசாமல் இலைக்கு விட்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை என்னை நம்பி வந்து இருக்கிற சனத்துக்கு அதை எப்பிடி வாக்கிறது? எனக்கு வந்த கோபத்திலை சொதியை வாழையடியிலை ஊத்தி, சட்டியையும் கல்லிலை போட்டு உடைச்சன். திரும்பி வந்து, உங்களுக்கு நான் என்ன குறை செய்தனான் எண்டு நேரை கேட்டன். மனுசன் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார்:

“உப்புப் புளி பாக்கத்தான் விட்டனான், பிள்ளை. நல்லா வந்திருந்தபடியால் ரெண்டாந்தரமும் விட்டிட்டன்.”

பிறவிச் சைவம்

வெள்ளிச் சாப்பாட்டுக்கு ரோட்டு வேலை ஓவசியர் ஐயா ஒருத்தர் வாறவர். நெத்தி நிறையத் திருநீறு. பிறந்ததிலை இருந்து தான் மச்சம் தொட்டதில்லையெண்டு கவளத்துக்கு ஒருக்காச் சொல்லுவார். ஒரு வெள்ளி, வவுனியாப் பக்கமிருந்து ஆரோ பிஞ்சுப் பலாக்காய் கொண்டுவந்து தந்தினம். நான் பெருஞ்சீரகம், உள்ளி, தேங்காய்ச் சொட்டு எல்லாம் போட்டு, வறுத்த தூளிலை நல்லாப் பிரட்டி இறக்கினன்.

ஐயா ஒரு துண்டைக் கடிச்சார், முகம் கறுத்துப்போச்சு. துப்பிப்போட்டு எழும்பி நிண்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா எனக்கு ஆட்டிறைச்சி போட்டிட்டாள் எண்டு கத்தினார். கடை முழுக்க இலையிலை இருந்து கையை எடுத்திட்டுது. சைவக் குசினிக்கு இப்பிடி ஒரு பேர் வந்தால் பொங்கலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அண்டைக்கே பெட்டியைக் கட்டவேண்டியதுதான். நான் சனத்துக்கு முன்னாலை வாற ஆளில்லை. அண்டைக்கு வந்தன். பலாக்காய்த் தோல், நடுத்தண்டு, பால் ஒட்டின கத்தி, எல்லாத்தையும் சுளகோடை தூக்கிக்கொண்டுவந்து நடுவிலை இருந்த வாங்குப் பலகையிலை வைச்சன். 

ஐயா தோலைத் தொட்டுப் பாத்தார், மணந்தும் பாத்தார், திரும்ப வாங்கிலை இருந்திட்டார். சனம் திரும்பச் சோத்திலை கை வைச்சுது. பக்கத்து வாங்கிலை இருந்த மீரான் நானா சரியான மரியாதையாக் கேட்டார்:

“ஐயா, பிறந்ததிலை இருந்து மச்சம் தொடாத உங்களுக்கு, ஆட்டிறைச்சி இப்பிடித்தான் இருக்குமெண்டு ஆர் சொன்னது?”

வெள்ளம்

கார்த்திகை மழை அந்த முறை விட்டுத்தர மாட்டனெண்டு அடிச்சுது. முல்லைத்தீவு ரோட்டிலை வெள்ளம், நானாவின்ரை வண்டி வரேல்லை. வட்டக்கச்சிக் காயும் வரேல்லை. சந்தியிலை லொறியளும் ஒரு பஸ் நிறையச் சனமும் போக வழியில்லாமல் நிக்குது, குழந்தையள் பசியிலை சிணுங்குதுகள். அருளம்பலத்தார் வெறுஞ்சட்டிக்கு முன்னாலை குந்தியிருந்தார். முதலாளி கடையைப் பூட்டுவம் எண்டார்.

நான் சாக்கைத் தலையிலை போட்டுக்கொண்டு பின்வளவுக்கு இறங்கினன். பப்பா மரத்திலை காய், வாழை மரத்திலை பொத்திப்பூ, வேலி முழுக்க முசுட்டைக் கீரை படர்ந்து கிடக்கு, கொட்டிலுக்குள்ளை நான் அடுக்கிவைச்ச பூசணிக்காய். கடவுளே, இதுக்கு மேலை என்ன வேணும். பப்பாக்காயைப் பால்விட்டு இறக்கினன், முசுட்டையை அரிஞ்சு வறுத்தன், பூசணிக்காயைப் பழப்புளி விட்டுக் குழம்பாக்கினன். ஒண்டை இறக்க மற்றதை ஏத்தினதுதான், நிமிர நேரமில்லை. பாத்தால் அருளம்பலத்தார் முழங்கை வரைக்கும் கழுவிப்போட்டு வந்து, எனக்குப் பக்கத்திலை சப்பாணி கட்டியிருந்து வாழைப்பொத்தியை அரியுறார். பூவிலை நரம்பெடுக்க அவருக்குத் தெரியாது, நான் காட்டிக் குடுத்தன். பஸ் சனம் இலை இலையா வாங்கிச் சாப்பிட்டுது. அடுத்த சட்டியை ஏத்தேக்கை அருளம்பலத்தார் மெல்லமாக் கேட்டார்:

“பிள்ளை, இதுக்கு உப்பு நான் போடட்டே?”

கடைசி வாடிக்கை

பொங்கலுக்குக் கிட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் திரும்பினாப்பிறகு கோச்சியாலை இறங்கி வந்து வாங்கிலை இருந்தவர் என்ரை அண்ணை. என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தவர். முதலாளிக்கு ஆளைத் தெரியாது, இலையைப் போட்டிட்டார். குசினியிலை வந்து பாத்தால் என்ரை சட்டியளுக்குள்ளை வழிக்கவும் ஒண்டுமில்லை. மீன்கறி கிடந்தது, அது வெள்ளிக்கிழமையிலை அண்ணைக்கு ஆகாது. கூடப்பிறந்தவருக்கு ஒரு பிடி சோறில்லாமல் விக்கிறவளும் இருக்கிறாளே எண்டு எனக்கு வெக்கமாயிருந்தது. எல்லாம் வித்துப்போச்செண்டு உள்ளுக்குள்ளை சந்தோசமும் துள்ளினது, அதையும் மறைக்கேல்லை.

மரத்திலை பழுத்த ஒரு பப்பாப்பழம் இருந்தது. வெட்டி, கொட்டை வழிச்சு, தேசிக்காய் பிழிஞ்சு அண்ணைக்கு முன்னாலை வைச்சன். அண்ணி அறையெல்லாம் கூட்டி வைச்சிருக்கிறா, உடுப்பை எடு, பின்னேரக் கோச்சிக்குப் போவம் எண்டார். முதலாளிக்கு அப்பதான் ஆளை விளங்கினது. ஓடி வந்து, அண்ணை குறை நினைக்காதேங்கோ, ஒரு அடுப்பு அவாவுக்குக் காணாது, பொங்கல் கழிய இன்னும் ரெண்டு போடுறன், அருளம்பலத்தாரும் வெள்ளியிலை அவாவுக்குத்தான் வேலை செய்வார் எண்டு சொன்னார். பின்னாலை அருளம்பலத்தார் தலையாட்டினார். எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. அண்ணை என்னைப் பாத்தார், முதலாளியைப் பாத்தார், வெறும் இலையைப் பாத்தார்:

“அப்ப நீ வரமாட்டாய். சரி, உந்தப் பழத்திலை எனக்கு இன்னொரு துண்டு வெட்டு.”

இப்ப ஆரும் வந்து கேட்டால், சமையல் சரியான கஷ்டமான தொழில், அந்தப்பக்கம் போய்விடாதேங்கோ எண்டுதான் சொல்லுறனான். இல்லாட்டில் எதிர்ப்பக்கத்திலை ஒரு கடை போட்டிடுவினமெல்லே.