பச்சைத் தண்ணி படாத விரதம்

சாமி குத்தம்னு சொல்வாங்களோனு பல வருஷம் இதை எழுதத் தயங்கினேன். எங்களுக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை கிராமம். என் மகளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. சிகிச்சைக்காக அவள் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் என்கிற மூல செல்களைச் சேகரிக்க உதவும் புது மருந்தைச் சோதித்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம்.

அந்த மருந்தை ஊசியாகப் போட இருந்த அன்னிக்குக் காலையில், அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஊசி பலிக்கணும்னு வேண்டிக்கிட்டு, நேத்துலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலம்மா" என்றாள்.

நர்சம்மா பதறிட்டாங்க. "இந்த நோய்ல உடம்புல தண்ணி கம்மியானா ரத்தக்குழாய் அடைச்சுக்கும், பொண்ணே! அண்ணாமலையாருக்கே தினம் அபிஷேகம் நடக்குது, உனக்கு மட்டும் என்ன வறட்சி?"

ஊசியைத் தள்ளிவைத்து சலைன் ஏற்றினாங்க. மகள் தப்பினாள். அந்த அதட்டல் இன்னும் காதில் இனிக்குது.

இப்போ கிரிவலத்தில் ஒவ்வொரு லிங்கத்துக்கு முன்னாடியும் அவள் தண்ணீர் குடித்த பிறகுதான் நான் கும்பிடுகிறேன். இதைக் கூட்டாம குறைக்காம நாலு பேருக்குச் சொல்லுங்க.