செம்பூரில் இருந்த குரும்பூர்

ஊரிலிருந்து பம்பாய்க்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். இங்கே தலை நரைத்த ஆண்கள் பொம்மை ரயில் விட்டால் யாரும் சிரிப்பதில்லை, என் மனைவியைத் தவிர. "ஆறு நாளும் ரயில்ல தொங்கிட்டுத்தான போறிய? ஏழாம் நாளும் ரயிலுதானா?" என்பாள். தாராவியிலிருந்து நடந்து, சயானில் வண்டி பிடித்து, முலுண்டில் ஒரு பட்டறைக்குப் போகிறவன் நான். ஞாயிறு வந்தால் டிபன் டப்பாவில் சப்பாத்திக்குப் பதிலாக ஓர் எஞ்சினைப் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டு செம்பூருக்குக் கிளம்பிவிடுவேன்.

செம்பூரில் ஜோஷி சாப் வீட்டுக் கூடம் முழுக்கத் தண்டவாளம். அவர் ஓய்வுபெற்ற மராட்டியர், தனி ஆள். நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். ஒரே தண்டவாளத்தில் நாலைந்து எஞ்சின்கள் நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நகம் அளவு ஒரு சில்லு, அதற்கு ஓர் எண். கையிலுள்ள கன்ட்ரோலரில் எண்ணை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் சொன்னபடி கேட்கும். வீட்டிலும் இப்படி ஒரு வசதி இருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சொந்த ஊர் ஸ்டேஷனை யாரும் தானே செய்யக் கூடாது. செய்தால் ஒவ்வொரு செங்கல்லுக்கும் அழுதுகொண்டிருப்பான், முடிக்க மாட்டான் என்பார் ஜோஷி. அதனால் அவர் பிறந்து வளர்ந்த மாட்டுங்காவை ஒரு பலகையில் நான் செய்தேன். என்னுடைய குரும்பூரை அவர் செய்தார். சுற்றிலும் பனை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மறுவாரம் போய்ப் பார்த்தால் வரிசையாகத் தென்னை! "மதராஸ் மே தோ நாரியல் ஹீ ஹோத்தா ஹை, அண்ணா" என்றார், தெற்கே தென்னையை விட்டால் வேறு மரமே கிடையாது என்பதுபோல. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் என் வண்டி அங்கே நுழையும்போதெல்லாம், லோக்கல் ரயில் அறிவிப்புக் குரலில், "புடீல் ஸ்டேஷன், குரும்பூர்" என்பார். அடுத்த ஸ்டேஷன் என் ஊர் என்று ஒரு மராட்டியர் சொல்லக் கேட்கையில் நெஞ்சு நிறைந்துவிடும்.

போன வருடம் அவர் வீடு இருந்த கட்டடத்தை இடித்துக் கட்ட முடிவானது. ஜோஷிக்குத் தூரத்தில், சான்பாடாவில் சின்ன வாடகை வீடு. கடைசி ஞாயிறன்று எல்லாவற்றையும் கழற்றினோம். அவர் குரும்பூரை என்னிடம் நீட்டினார். "லே ஜாவோ, அண்ணா. துமாரா காவ் ஹை." உன் ஊர், நீயே கொண்டுபோ என்றுவிட்டு, மாட்டுங்காவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

என் ஒற்றை அறையில் பரணில் ஒரு பலகைக்குத்தான் இடம். குரும்பூரைக் கையில் வாங்கியும்விட்டேன். அந்தத் தென்னைகளைப் பிடுங்கி எறிய எத்தனை வருட ஆசை! ஆனால் அவரவர் ஊர் அவரவருக்கு என்று பிரித்துக்கொண்டால், அப்புறம் நான் எதைச் சாக்கிட்டுச் சான்பாடாவுக்குப் போவது? பயமாக இருந்தது. குரும்பூரைத் திரும்ப அவர் மடியில் வைத்தேன். "ஆப் கா பனாயா ஹுவா ஆப் ரக்கோ" என்று, அவர் செய்ததை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாட்டுங்காவைத் தூக்கிக்கொண்டேன்.

ஜோஷி குரும்பூரை மடியில் நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "ஃபிர் தோ ஆனா படேகா" என்றார். அப்படியானால் நீ வந்துதான் ஆகவேண்டும்.

போய்க்கொண்டுதான் இருக்கிறேன். டப்பாவைத் திறந்து எஞ்சினை வைத்து எண்ணை அழுத்துகிறேன். அவர் அறிவிக்கிறார். வண்டி தென்னைகளைத் தாண்டிக் குரும்பூரில் நிற்கிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா, தாராவியில் என் பரணில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.