ரிக் நடுக்கம் என்று நினைத்தவர்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வெகுகாலம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பி.பி. விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்குதான். மாடியேறி வந்த மூச்சோடு கையை நீட்டுவார்கள். நம்பர் கூடியிருந்தால் பதறுவார்கள். "அஞ்சு நிமிசம் சும்மா உக்காருங்க சாமி" என்று உட்காரவைத்து மறுபடி பார்த்தால் பலருக்கு இறங்கியிருக்கும். ஒரே நாளில் கொஞ்சம் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. பயப்பட வேண்டியவர்கள்தான் பயப்படமாட்டார்கள்.

பழனியப்பன் அப்படிப்பட்டவர். ரிக் லாரியில் போர்வெல் போடும் டிரில்லர். மழைக்காலத்தை ஊரில் கழித்துவிட்டு, எங்களிடம் வந்த அன்று மதியம் வண்டியோடு வடக்கே கிளம்ப இருந்தார். போனால் திரும்ப மாதக்கணக்காகும். வண்டிக்குப் பூசை போட்ட திருநீறு நெற்றியில் இருந்தது. மனைவி சரசுதான் இழுத்துவந்திருந்தார்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறாருங்க. ஊட்டு மிஷின்ல பிரஷரும் கன்னாபின்னான்னு காட்டுது."

"மிஷின் கோளாறுங்க சிஸ்டர். படபடப்பு ரிக் நடுக்கம். எங்க செட்டுல எல்லாருக்கும் இருக்கும்" என்றார் பழனியப்பன்.

ரிக்காரர்கள் சொல்வதுதான். கம்ப்ரசர் பக்கத்திலேயே நிற்பதால் அந்த அதிர்வு உடம்பில் தங்கிவிடுமாம்.

எங்கள் மிஷினும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர் காட்டியது. அதை ஒதுக்கிவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்தேன். நாடி ஓடியது, தயங்கியது, மறுபடி தாறுமாறாக ஓடியது.

"ஏனுங்க, ரிக் எப்ப நின்னுச்சு?"

"மழை புடிச்சதுல இருந்து ஓடலீங்க."

"நின்ன ரிக்கு உங்கள இன்னும் ஆட்டுதாக்கும்?"

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், துடிப்பு ஒழுங்கில்லை, இப்படியே விட்டால் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம் என்றார். அன்றே சேலத்துக்குப் போய் இதய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

"பூசை போட்ட வண்டியில ஆள் கொறையக்கூடாதுங்க. போயிட்டு வந்து பாத்துக்கறேன்" என்று எழுந்தார் பழனியப்பன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேர் தெரியாத காட்டுல வாய் கோணி, கைகால் ஒருபக்கம் இழுத்துக்கிட்டா யாருங்க தூக்கிட்டு ஓடுவாங்க?"

அந்த நேரம் பார்த்து ரிக் மேனேஜர் போன். சரசு அதைப் பிடுங்கினார். "வண்டி போவட்டுங்க. இவரு வரமாட்டாரு." சொல்லும்போது அழுதுவிட்டார்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். சும்மா இருக்கும்போதும் நாடி தாறுமாறாக அடித்தால், அல்லது பி.பி. ஓய்வுக்குப் பிறகும் இறங்காமல் நின்றால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சேலம் போகிற காரில் ஏறும்வரை பழனியப்பன் எங்கள் இருவரையும் திட்டினார். இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார். திட்டு மட்டும் குறையவில்லையாம்.

"திட்டட்டுங்க" என்கிறார் சரசு. "திட்டறதுக்கு ஆள் இருக்காருல்லீங்க."