தியாகிக்குக் கட்டிய வண்டி

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். உத்திரமேரூர் பஜார் வீதியில், ஊருக்கு நட்டநடுவில் எங்கள் வீடு. முன்பக்கம் என் வீட்டுக்காரரின் தையல் கடை, பின்கட்டில் நாங்கள். மாகறலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரே பெருமை. எந்த ஊர்வலமானாலும் எங்கள் வாசலைத் தாண்டித்தானே போகவேண்டும்!

அந்த ஆகஸ்டு பதினைந்துக்கு எங்கள் கடையில்தான் கொடிகள் தைத்தார்கள். நிறைமாதமாக இருந்தும் நானும் உட்கார்ந்து ஓரம் மடித்துக் கொடுத்தேன். விழா அன்று பொழுது விடியும்போதே வலி கண்டுவிட்டது.

மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகமே சரியில்லை. "புள்ள குறுக்கால கீது. என்னால ஆவாது. சுருக்கா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்று கையை விரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். வீதியிலோ எள் போட்டால் எள் விழாத கூட்டம். கண்ணுக்கெட்டிய வரை இருந்தது ஒரே வண்டி, அதுவும் எங்கள் வாசலிலேயே. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்வந்த வெளியூர்த் தியாகி ஒருவரை அந்தக் கூண்டு வண்டியில் ஊர்வலமாக அழைத்துப்போய், கொடியேற்ற வைப்பதாக ஏற்பாடு. வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாட்டுக் கொம்பில் மூவர்ணக் காகிதம் சுற்றியிருந்தார்கள். அவரும் மாலையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "ஊர்வலம் தாண்டட்டும், அப்பால வேற வண்டி புடிச்சிக்கினு வரேன்" என்றார். மாமியாரும் அதற்குத் தலையாட்டினார். எனக்கு வந்ததே கோபம்! உயிர் போகிறது எனக்கு, இவர்களுக்கு ஊர்வலம் தாண்ட வேண்டுமாம். சின்ன வயசிலிருந்தே நான் வாய்த்துடுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டேன்.

"ஐயா, நீங்க எறங்கணும். எனக்கு வண்டி வேணும். வயித்துல புள்ள குறுக்கால கீதாம்."

விழாக்காரர் ஒருவர், "இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்தார். தியாகி அவரை முடிக்க விடவில்லை. மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குதித்தே இறங்கினார்.

"ஏறும்மா. நான் முன்னால நடக்கறேன்."

மாமியார் என்னைத் தாங்கிக்கொண்டு ஏறினார். வண்டி நகர்ந்தது. வம்பே அதற்கப்புறம்தான். வாழைக்கன்று கட்டிய வண்டியைக் கண்டதும், உள்ளே தியாகி இருக்கிறார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவரை முகம் பார்த்து அறிந்தவர்கள் கொஞ்சம்தான். "வழி விடுங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போன அவரையே, "ஓரமா போய்யா, தியாகி வராரு" என்று ஒருவர் பிடித்துத் தள்ளினார்!

வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்தி ஆரத்தி சுற்றினார்கள். மாட்டின் முன்னால் தேங்காய் உடைத்தார்கள். நான் உள்ளே "ஐயோ அம்மா" என்று அலறுகிறேன், வெளியே "வாழ்க! வாழ்க!" என்கிறார்கள். கை கையாகப் பூ வந்து என் மேல் விழுகிறது. இன்றைக்குச் சொன்னால் பேத்திகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்று நான் பிழைப்பேன் என்றே நினைக்கவில்லை.

கடைசியில் ஆரத்தித் தட்டோடு வந்த ஒருத்தி, தியாகிக்குப் பொட்டு வைக்கக் கூண்டுக்குள் தலையை விட்டாள். என்னைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"அய்யய்யோ, உள்ள புள்ளத்தாச்சி கீறாடா! வுடுங்கடா வழிய!"

தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் திணித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள். மேளக்காரர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வாசித்தபடியே வண்டிக்கு முன்னால் ஓட்டமெடுத்தார்கள். யார் கத்தினாலும் அசையாத எங்கள் ஊர்க் கூட்டம் மேளம் வந்தால் தானாக விலகும். விலகியது. ஆஸ்பத்திரி வாசல் வரை மேளதாளத்தோடு பிரசவத்துக்குப் போனவள் எங்கள் ஊரிலேயே நான் ஒருத்திதான்.

டாக்டரம்மா குழந்தையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் அழுதேவிட்டார். தியாகி அதுவரை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாராம். கொடிக்கம்பத்தடியில் ஊரே வெயிலில் காத்துக்கிடக்கிறது, கூப்பிட வந்தவர்களிடம், "கொழந்த சத்தம் கேக்கட்டும், வரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். என் மகள் அழுத சத்தத்தைக் கேட்டபிறகுதான் எழுந்து போனார். நான் ஓரம் மடித்த கொடி அன்று உச்சிவெயிலில் ஏறியது.

அவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. வருஷா வருஷம் கொடி ஏறும்போது எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு மட்டும், நான் கேட்ட அந்தக் கணமே வண்டியிலிருந்து தரையில் குதித்த இரண்டு கால்கள்தான் கண்ணில் நிற்கின்றன.